வேலிக் கம்பமாக நிற்கும் தண்டவாளம்: இங்கிலாந்தின் பழைய செங்கல் ஆலை ரயில்களைத் தடம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் கிராமப்புற நடைபாதை ஒன்றில் போகிறீர்கள். மாட்டுப் பட்டியின் வேலியில், மரக்கம்பங்களுக்கு நடுவே ஒல்லியான இரும்புக் கம்பம் ஒன்று நிற்கிறது. குனிந்து பார்த்தால் மேலே உருண்ட தலை, கீழே தட்டையான பாதம். தண்டவாளத் துண்டு! ஆனால் அந்த ஊருக்கு ரயிலே வந்ததில்லை. சற்றுத் தள்ளி ஒரு குளம். மூன்று கரைகள் சரிவாக இருக்க, நான்காவது மட்டும் செங்குத்தாக நிற்கிறது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கண்ணில் பட்டால் அங்கே ஒரு காலத்தில் செங்கல் ஆலை இருந்திருக்கும் என்று பாதி துணிந்துவிடலாம். குளம், களிமண் வெட்டிய குழி. கம்பம், அந்த மண்ணை மேலே ஏற்றிய குட்டி ரயிலின் மிச்சம்.

இந்த ரயில்களைத் தேடிப் போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஊருக்கு ஊர் போகும் ரயில் பாதையைத் தேடுவதுபோல இதையும் தேடுவதுதான் காரணம். செங்கல் ஆலைப் பாதைக்கு நிலையான உடம்பு கிடையாது. மண் வெட்டும் முகம் நகர நகர, தண்டவாளத்தையும் பெயர்த்து நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். போன வருடம் இருந்த இடத்தில் இந்த வருடம் பாதை இருக்காது. மாறாமல் இருந்தது ஒரே ஒரு இடம்: வண்டியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டிய இடம். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

முதல் ஆறு படிகளைப் பெரும்பாலும் எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். பிறகுதான் சேற்றுக்காலணி வேண்டும்.

படி 1: ரயில் எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

நம்மூர்ச் சூளையைப் பார்த்தவர்களுக்கு வேலையின் வரிசை தெரியும்: மண் வெட்டு, குழை, கல் அறு, பச்சைக்கல்லைக் காய வை, சூளையில் அடுக்கு, சுடு, பிரி. இங்கிலாந்திலும் இதே வரிசைதான். பழைய முறையில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் களிமண்ணை வெட்டிக் குவித்து, உறைபனியில் கட்டிகள் உடைந்து பொடியாக விடுவார்கள். வசந்தம் வந்தபின் கல் அறுப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மண் பிசையும் இயந்திரமும், கம்பியால் கல் அறுக்கும் இயந்திரமும் வந்ததும் கதை மாறியது. இயந்திரத்துக்கு நாள் முழுக்கத் தீனி வேண்டும். ஈரக் களிமண்ணில் மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ அச்சு வரை புதையும். எடையைப் பரப்பி வைக்கும் இலேசான தண்டவாளம் புதையாது. 1875 வாக்கில் பிரான்சில் பாரிசுக்குத் தெற்கே பெட்டி பூர் என்னும் இடத்தில், பால் தெகோவில் தன் பண்ணையின் பீட்ரூட் அறுவடைக்காக இரும்பு ஸ்லீப்பரோடு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சேர்த்தே பிணைத்த, ஆட்களே தூக்கி நகர்த்தக்கூடிய தண்டவாளத் துண்டங்களைச் செய்தார். சேற்று வயலில் பீட்ரூட் ஏற்றியது சேற்றுக் குழியில் களிமண் ஏற்றாதா? அடுத்த வருடமே பெர்லினில் ஓரன்ஸ்டைன், கோப்பல் இருவரும் கூட்டாக இதே சரக்கில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் லீட்சுக்கு அருகே ராபர்ட் ஹட்சன் நிறுவனம் தண்டவாளம், கவிழ்க்கும் தொட்டி வண்டி, திருப்புமேசை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு விற்றது. ஆலைக்காரர் பட்டியலைப் பார்த்துக் கடிதம் எழுதினால் ஒரு முழு ரயிலே பெட்டி கட்டி வந்து இறங்கும்.

ஓர் ஆலைக்குள் ரயிலுக்கு இரண்டு தனித்தனி வேலைகள் இருந்தன. ஒன்று, குழியிலிருந்து இயந்திரக் கொட்டகைக்கு மண் ஏற்றுவது. இதற்கு ஆங்கில வி எழுத்து வடிவில் பக்கவாட்டில் கவிழும் தொட்டி வண்டி. இரண்டு, பச்சைக்கல்லைக் காயவைக்கும் கொட்டகைக்கும் சூளைக்கும், சுட்ட கல்லை அடுக்கும் முற்றத்துக்கும் கொண்டுபோவது. இதற்குத் தட்டை வண்டி, பெரும்பாலும் கையால் தள்ளுவது. இரண்டாவது வகைக்கு இஞ்சினே தேவைப்படாததால் ஏடுகளில் அதன் தடயம் மிகக் குறைவு. இந்த வழிகாட்டி பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

படி 2: ஆலையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு மிகப் பெரிய ஆலையை எடுக்காதீர்கள். பெட்ஃபர்ட்ஷயரின் ஸ்டூவர்ட்பி 1930களில் ஆண்டுக்கு 50 கோடிக் கல் சுட்ட இடம். உலகிலேயே பெரிய செங்கல் ஆலை என்று பெயர் எடுத்தது. 2008இல் மூடினார்கள். அங்கே உள்ள, ஆக்ஸ்ஃபர்ட் களிமண் எனப்படும் மண்ணில் எரியக்கூடிய கரிமப் பொருள் கலந்திருப்பதால், சூளையில் கல் பாதி தானாகவே எரிந்து சுடும். எரிபொருள் செலவு வெகுவாகக் குறையும். அந்த மலிவுதான் அவ்வளவு பெரிய ஆலையை உருவாக்கியது. ஆனால் பிரம்மாண்டமான இயந்திரங்கள் வெட்டிய குழியில், ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் தடத்தைத் தோண்டித் தின்றுவிட்டது. கற்றுக்கொள்ள ஏற்ற இடம் அல்ல.

ஒரு சூளை, ஒரு குழி, ஒரு கொட்டகை இருந்த நடுத்தர ஆலைதான் நல்லது. கென்ட், சசெக்ஸ், எசெக்ஸ், ஹாம்ப்ஷயர் மாவட்டங்களிலும் ஹம்பர் ஆற்றின் தென்கரையிலும் இப்படிப்பட்டவை ஏராளம்.

படி 3: வரைபடம்

பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடங்கள் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். அவற்றில் 1:2500 அளவு, அதாவது ஒரு மைலுக்கு ஏறத்தாழ 25 அங்குலம் என்று வரைந்த தாள்களை எடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துத் தாள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் சுட்டி நகரும்படி பார்க்கும் வசதி அங்கே உண்டு. முதல் ஒரு மணி நேரத்தை அதிலேயே செலவிடுங்கள்.

தாளில் 'பிரிக் ஃபீல்டு' என்று இருந்தால் பெரும்பாலும் கையால் கல் அறுத்த இடம். ரயில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. 'பிரிக் ஒர்க்ஸ்' என்று இருந்தால் இயந்திரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். 'கிளே பிட்' மண் குழி. அதற்கு முன்னால் 'ஓல்டு' சேர்ந்திருந்தால் கைவிட்ட குழி. 'டிராம்வே' என்ற சொல் இருந்தால் அதிர்ஷ்டம்தான். இல்லாவிட்டாலும் சோர வேண்டாம். அடுத்த மாதமே நகரப்போகும் பாதையை அளவையாளர் வரையாமல் விட்டது இயல்பு.

இங்கேதான் பின்னோக்கி வரும் உத்தி கைகொடுக்கும். முதலில் சூளையைக் கண்டுபிடியுங்கள். 1858இல் ஃபிரெட்ரிக் ஹோஃப்மன் பெர்லினில் காப்புரிமை பெற்ற வளையச் சூளை வரைபடத்தில் நீள்வட்டமாகத் தெரியும். அதில் கல் நின்ற இடத்திலேயே நிற்க, நெருப்பு அறை அறையாகச் சுற்றிவரும். சூளைக்குப் பக்கத்தில் நீள நீளமான கூரைகள் கல்லைக் காயவைக்கும் கொட்டகைகள். இந்த இரண்டுக்கும் நடுவே, குழியின் பக்கமாக முகம் காட்டி நிற்கும் கட்டடம்தான் இயந்திரக் கொட்டகை. மண்ணை மேல்தளத்தில் கொட்டி, அது தன் எடையாலேயே அரைவைக்கும் பிசைவுக்கும் இறங்கும்படி செய்வது வழக்கம். ஆகவே குழியிலிருந்து அந்தக் கட்டடத்தின் மாடிக்கு ஒரு சாய்வு ஏறியிருக்க வேண்டும். குழியின் விளிம்பையும் கட்டடத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை ரயில் அந்தக் கோட்டில்தான் இருந்திருக்கும்.

ஒரே இடத்தின் எல்லாப் பதிப்புகளையும் வரிசையாகப் பாருங்கள். குழி எந்தத் திசையில் வளர்ந்தது என்று தெரிந்தால், பாதை எந்தப் பக்கம் நீண்டது என்பதும் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 1:2500 தாள்களை மறக்க வேண்டாம். ரயில்கள் கடைசியாக ஓடிய காலத்தைக் காட்டுபவை அவைதான்.

வரைபடத்தோடு வான்படம். ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1919 முதல் விமானத்திலிருந்து சாய்கோணத்தில் எடுத்த படங்களில், 1953 வரையிலானவை 'பிரிட்டன் ஃப்ரம் அபவ்' தளத்தில் இருக்கின்றன. புகைபோக்கி, சூளை, வரிசையாக நிற்கும் தொட்டி வண்டிகள் எல்லாம் ஒரே படத்தில் சிக்கினால் அன்றைக்கு உங்களுக்குத் தீபாவளி.

படி 4: தரையின் முகத்தை லைடாரில் படியுங்கள்

விமானத்திலிருந்து லேசர் துடிப்பு அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து நில உயரத்தை அளக்கும் முறை லைடார். மரங்களைக் கணக்கில் நீக்கி வெறும் தரையை மட்டும் காட்ட முடியும் என்பது நமக்கு வரம். பழைய குழிகள் பெரும்பாலும் இப்போது காடு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை மீட்டருக்கு ஓர் அளவீடு என்ற நுணுக்கத்தில் இந்தத் தரவை இலவசமாகத் தருகிறது.

குழிக்குள் இறங்கும் நேரான, சீரான சாய்வைத் தேடுங்கள். அகலம் மூன்று நான்கு மீட்டர் இருந்தால் ஒற்றைப் பாதை. அதைப்போல இரு மடங்கு இருந்தால் ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் இரட்டைப் பாதையாக இருந்திருக்கலாம். வளைந்து வளைந்து போகும் சாய்வு பிற்காலத்து லாரிப் பாதை. ஒரு முறை நேரான மேடு ஒன்றைப் பார்த்து மயங்கி, அரை நாள் அதன் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் அது கழிவுநீர்க் குழாய் புதைத்த கரை. இதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு முனை குழியிலும் மறுமுனை கொட்டகையிலும் முடியாத மேட்டை நம்புவதில்லை.

படி 5: சாய்வைக் கணக்குப் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சாய்வை அளந்துவிட்டால், அங்கே இஞ்சின் ஓடியதா, கம்பிக் கயிற்றால் இழுத்தார்களா என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

சுரங்க ரயில் பலவற்றில் சுமை மலையிலிருந்து கீழே இறங்கும். செங்கல் ஆலையில் நேர்மாறு. காலி வண்டி இறங்கும், நிறைந்த வண்டி ஏறும். ஆலைக்காரரின் தலைவலி முழுவதும் இந்த ஏற்றத்தில்தான்.

இரண்டரை டன் எடையுள்ள சிறு பெட்ரோல் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். சக்கரம் வழுக்காமல் இழுக்கக்கூடிய விசை, அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு: 500 கிலோ. கரடுமுரடான பாதையில் ஒரு டன்னை உருட்டவே சுமார் 12 கிலோ விசை வேண்டும். சாய்வு 30க்கு 1 (30 அடி போவதற்குள் ஓர் அடி ஏற்றம்) என்றால் டன்னுக்கு இன்னும் 33 கிலோ சேரும். மொத்தம் 45. 500ஐ 45ஆல் வகுத்தால் 11 டன். இஞ்சினின் எடையைக் கழித்தால் எட்டரை டன். ஒரு கன கெஜத் தொட்டி வண்டி மண்ணோடு சேர்ந்து சுமார் 1.4 டன் என்று வைத்தால், ஆறு வண்டி இழுக்கும்.

இப்போது சாய்வை 10க்கு 1 ஆக்குங்கள். டன்னுக்கு 112 கிலோ. இஞ்சின் போக மிஞ்சுவது இரண்டு டன். ஒரே ஒரு வண்டி! அதுவும் தண்டவாளம் காய்ந்திருந்தால். களிமண் பூசிய ஈரத் தண்டவாளத்தில் இஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும்.

ஆகவே லைடாரில் 25, 30க்கு 1 என்ற மெல்லிய சாய்வு தெரிந்தால் இஞ்சினே கொட்டகை வரை போயிருக்கலாம். 10க்கு 1 அல்லது அதைவிடச் செங்குத்து என்றால் மேலே வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) வைத்துக் கம்பிக் கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். பல ஆலைகளில் இரண்டும் உண்டு: குழியின் அடித்தளத்தில் இஞ்சின் வண்டிகளைச் சேர்த்துச் சாய்வின் அடிவரை கொண்டுவரும், அங்கிருந்து கயிறு மேலே தூக்கும். களத்துக்குப் போகும்போது சாய்வின் தலைமாட்டில் வின்ச் நின்ற கான்கிரீட் மேடையைத் தேட வேண்டும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடலாம். நாளுக்கு 20,000 கல் அறுக்கும் ஆலை என்று வையுங்கள். ஒரு பச்சைக்கல் மூன்றரை கிலோ என்றால் 70 டன் மண் வேண்டும். தொட்டிக்கு ஒரு டன், ரயிலுக்கு ஆறு தொட்டி என்றால் பன்னிரண்டு நடை. பத்து மணி நேர வேலை நாளில் 50 நிமிடத்துக்கு ஒரு நடை. ஒரே ஓர் இஞ்சின் போதும்; டிரைவருக்கு டீ குடிக்கவும் நேரம் இருக்கும். ஒரு ஆலையில் இரண்டு மூன்று இஞ்சின் இருந்ததாகப் படித்தால், அவற்றில் ஒன்று ஓடியது, மற்றது அதற்கு உதிரிபாகம் கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தவறாது.

படி 6: இஞ்சினின் ஜாதகம்

செங்கல் ஆலைகளில் நீராவி இஞ்சின்களும் ஓடின. ஆனால் இந்த ரயில்களின் பொற்காலத்தைக் கொடுத்தது முதல் உலகப் போர். மேற்குப் போர்முனையில் பதுங்குகுழிகளுக்குக் குண்டும் உணவும் கொண்டுபோக, 600 மி.மீ. அகலப் பாதை போட்டார்கள். நீராவி இஞ்சினின் புகை எதிரிக்கு அடையாளம் காட்டிக் கொடுக்கும் என்பதால் பெட்ரோல் இஞ்சின் தேவைப்பட்டது. பெட்ஃபர்டின் மோட்டார் ரயில் நிறுவனம் சிம்ப்ளெக்ஸ் என்ற பெயரில் 20 குதிரைத்திறனில் இரண்டரை டன் வண்டியையும், 40 குதிரைத்திறனில் ஆறு டன் வண்டியையும் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அவை உபரியாகி மலிவு விலைக்கு வந்தன. இங்கிலாந்து ஆலைகளின் வழக்கமான அகலம் 2 அடி, அதாவது 610 மி.மீ. பத்து மி.மீ. வித்தியாசத்தைச் சேற்றுப் பாதை பொருட்படுத்தவில்லை.

சிம்ப்ளெக்ஸை அடையாளம் காண்பது எளிது. டிரைவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் போகும் கியர்பெட்டி. தலையை மட்டும் திருப்பினால் போதும், வண்டியைத் திருப்பவே வேண்டாம். குழிக்குள் இஞ்சினைத் திருப்ப இடம் ஏது? கியர்பெட்டியிலிருந்து அச்சுக்குச் சங்கிலி. உடைந்தால் ஆலையின் பட்டறைக்காரரே சரிசெய்துவிடுவார். அழகில்லாத, முரட்டுத்தனமான வண்டி. இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை யாரும் செய்யவில்லை என்பது என் கட்சி. லிங்கன் நகரின் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி 1930களில் டீசல் இஞ்சின்களோடு வந்து போட்டி போட்டது. அவர்களுடைய ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். டர்ஸ்லியின் லிஸ்டர் நிறுவனம் செய்தது இன்னும் சிறியது. மோட்டார் பொருத்திய தள்ளுவண்டி என்றே சொல்லலாம். சின்ன ஆலைகளுக்கு அதுவே தாராளம்.

ஒவ்வொரு இஞ்சினுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த எண் உண்டு. அந்த எண் கிடைத்தால் அது எந்த ஆலைக்கு விற்பனையானது, பிறகு யார் கைக்குப் போனது என்று தொடரலாம். இண்டஸ்ட்ரியல் ரயில்வே சொசைட்டி மாவட்டவாரியாக வெளியிடும் கையேடுகள்தான் இதற்கு ஆதாரத் தூண். 1951இல் தொடங்கிய நேரோ கேஜ் ரயில்வே சொசைட்டியின் இதழ்களும் உதவும். கையேட்டின் வரிகள் முதலில் சங்கேதம்போலத் தெரியும்: '4டபிள்யூ' என்றால் நான்கு சக்கரம்; 'பிஎம்' பெட்ரோல், 'டிஎம்' டீசல், இரண்டும் கியர்பெட்டி வழி; 'எம்ஆர்' மோட்டார் ரயில், 'ஆர்எச்' ரஸ்டன் ஹார்ன்ஸ்பி. கடைசியில் 'எஸ்/எஸ்' என்று இருந்தால், உடைத்தார்களா விற்றார்களா என்று யாருக்கும் தெரியாது என்று பொருள். அந்த இரண்டு எழுத்தில் எத்தனையோ வண்டிகளின் கதை முடிந்துவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டறையில் ஒன்றின் சட்டகத்தில் மற்றொன்றின் இஞ்சினை மாட்டியிருப்பார்கள். தகடு சொல்லும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், சட்டகத்தில் குத்திய எண்ணையும் பாருங்கள். அடுத்து, குதிரையோ கயிறோ ஆளோ இழுத்த பாதைகளுக்கு இஞ்சின் பட்டியலில் சரியான இடம் கிடைத்திருக்காது. கையேட்டில் இல்லை என்பதால் ரயிலே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அத்தகைய ஆலைகளுக்கு நாளிதழ்களின் ஏல விளம்பரம் நல்ல புகலிடம். ஆலை திவாலானால் 'இத்தனை கெஜம் தண்டவாளம், இத்தனை தொட்டி வண்டி' என்று கணக்காகப் போட்டுத்தான் விற்பார்கள். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம். ஆனால் பிரிட்டனின் பொது நூலகங்கள் பலவற்றில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம்.

படி 7: களத்துக்குப் போவது

முதலில் அனுமதி. பொது நடைபாதையை விட்டு விலகினால் நீங்கள் நிற்பது யாரோ ஒருவரின் நிலம். விவசாயியிடம் முன்கூட்டியே கேளுங்கள். பழைய வரைபடத்தின் அச்சுப்பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தால், பெரும்பாலும் அவரே கூட்டிப்போய்க் காட்டுவார். தண்ணீர் நின்ற களிமண் குழி ஆபத்தானது. கரை செங்குத்து, அடியில் ஆளை இழுக்கும் சேறு, பற்றிக்கொள்ள எதுவும் இருக்காது. தனியாகப் போக வேண்டாம். குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் நல்லது. முட்புதரும் காஞ்சொறியும் தலை தூக்கியிராது.

கையில் வேண்டியவை: அளவு நாடா, வரைகட்டத் தாள், பென்சில், கேமரா, பழைய துண்டு ஒன்று.

தொடக்கம் இயந்திரக் கொட்டகை இருந்த இடத்தில். அங்கிருந்து குழியை நோக்கி நடங்கள். தண்டவாளம் மண்ணில் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூடிய அன்றே பழைய இரும்பாகப் போயிருக்கும். மறுவேலை கிடைத்தவைதான் தப்பிப் பிழைத்திருக்கும். வேலிக் கம்பம், வாய்க்கால் மேல் பாலம், கொட்டகைக்கு உத்தரம், இப்படித் தண்டவாளம் பல வேடங்களில் நிற்கும். கவிழ்க்கும் தொட்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியாகியிருக்கும். அச்சில் அழுத்திச் செய்த இரும்பு ஸ்லீப்பர்கள் சேற்றில் மிதிகல்லாகக் கிடக்கும்.

பாதையின் அகலத்தை இரு தண்டவாளத் தலைகளின் உள்விளிம்புகளுக்கு இடையே அளக்க வேண்டும். நடுவிலிருந்து நடுவுக்கு அல்ல. ஸ்லீப்பர் மட்டும் கிடைத்தால், தண்டவாளத்தின் பாதம் உட்கார்ந்த தடங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, ஒரு தலையின் அகலத்தைக் கழியுங்கள்.

தண்டவாளத்தின் எடையை அறிய நிறுக்க வேண்டியதில்லை. வெட்டுமுனையைத் துண்டால் துடைத்து, அதன்மேல் வரைகட்டத் தாளை வைத்து விளிம்பைப் பென்சிலால் தேயுங்கள். வீட்டுக்கு வந்து உள்ளே எத்தனை சதுர செ.மீ. என்று எண்ணுங்கள். அதை 0.785ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். அதன் இரு மடங்கு, பழைய பிரிட்டிஷ் கணக்கில் கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்பது. உதாரணமாக 12.7 சதுர செ.மீ. என்றால் மீட்டருக்கு 10 கிலோ, கெஜத்துக்கு 20 பவுண்டு. சிறு இஞ்சின் ஓடிய பாதைகளில் சர்வசாதாரணமான எடை. 9, 10 பவுண்டு என்று வந்தால் ஆள் தள்ளிய வண்டிக்கானதாக இருக்கும். துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் ஒரு பவுண்டு இரண்டு பவுண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

சூளைக்குள்ளோ அதன் வாசலிலோ தண்டவாளம் தெரிந்தால் ஒரு குழப்பம் வரும். நீண்ட சுரங்கம் போன்ற நவீன சூளைகளில், கல் அடுக்கிய மேடை வண்டி தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்து நெருப்பைக் கடக்கும். இன்றைய ஆலைகளிலும் அது உண்டு. அதைப் பழைய ரயில் என்று எண்ணிப் பதிவு செய்துவிடாதீர்கள்.

படி 8: உயிரோடு இருப்பதைப் பாருங்கள்

காகிதத்திலும் மண்ணிலும் பார்த்ததை ஒரு முறையாவது ஓடும் நிலையில் பார்க்க வேண்டும். பெட்ஃபர்ட்ஷயரில் லெய்ட்டன் பஸர்ட் நேரோ கேஜ் ரயில்வே 1919இல் மணல் ஏற்றுவதற்காகத் திறந்த 2 அடிப் பாதை. அதன் ஒரு முனையில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் ஒர்க்ஸ் பணிமனை இருப்பது ஒரு பழைய செங்கல் ஆலையின் இடத்தில். சிம்ப்ளெக்ஸ் வண்டிகளை இயல்பான சூழலில் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மேற்கு சசெக்ஸின் ஆம்பர்லி அருங்காட்சியகத்தில் பல தொழிற்சாலைகளின் சிறு இஞ்சின்கள் சேர்ந்திருக்கின்றன. ஹாம்ப்ஷயரின் பர்சில்டன் செங்கல் ஆலை 1897இல் தொடங்கி 1974இல் மூடியது, இப்போது அருங்காட்சியகம். நீராவியால் ஓடிய கல் அறுக்கும் இயந்திரம் அங்கே நின்ற இடத்திலேயே இருக்கிறது. மண் எங்கே கொட்டினார்கள், எப்படி இறங்கியது என்று படி 3இல் சொன்னதை நேரில் பார்த்துவிடலாம்.

ஜெர்மனி போக வாய்த்தால் பெர்லினுக்கு வடக்கே சேடனிக் பக்கம் மில்டன்பெர்க் போய் வாருங்கள். 1887இல் ரயில் பாதை போடத் தோண்டியபோது களிமண் கிடைத்து, ஹாவல் ஆற்றோரம் வளையச் சூளைகள் வரிசையாக எழுந்த ஊர். சுட்ட கல் படகேறிப் பெர்லினுக்குப் போனது. 'பெர்லின் படகிலிருந்து கட்டிய நகரம்' என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. 1991இல் உற்பத்தி நின்றது. குழிகள் ஏரிகளாகிவிட்டன, தொட்டி ரயில் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு அவற்றின் நடுவே ஓடுகிறது.

படி 9: பெரியவர்களிடம் கேட்பதும் எழுதி வைப்பதும்

செங்கல் ஆலை ரயில்களில் பெரும்பாலானவை 1950 முதல் 1970கள் வரையிலான ஆண்டுகளில் நின்றன. லாரியும், டம்பரும், பெல்ட் கன்வேயரும் இடத்தைப் பிடித்தன. கடைசி வண்டிகளை ஓட்டியவர்கள் இன்று எழுபது, எண்பதைத் தாண்டியவர்கள். இந்தப் படியை ஒன்பதாவதாக எழுதியிருக்கிறேனே தவிர, ஆள் இருப்பது தெரிந்தால் மற்றதை ஒத்திவைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

'ரயில் எங்கே ஓடியது?' என்று கேட்டால் கையை வீசி 'அங்கெல்லாம்தான்' என்பார்கள். அது பொய்யும் அல்ல, வருடத்துக்கு ஓர் இடத்தில் ஓடியதுதானே. 'மண்ணை எங்கே கவிழ்ப்பீர்கள்? கயிறு எங்கே மாட்டுவீர்கள்? வண்டி அடிக்கடி தடம் புரண்டது எந்த இடத்தில்?' என்று கேளுங்கள். தடம் புரண்ட இடத்தை மறந்த டிரைவர் கிடையாது. பழைய வரைபடத்தை விரித்து வைத்து, அவர் கையாலேயே புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு எழுதுங்கள். ஆலையின் பெயர், ஆர்டனன்ஸ் சர்வே கட்ட எண், அகலம், தண்டவாள எடை, சாய்வு, கொட்டிய இடம், படங்கள். எது நீங்கள் அளந்தது, எது ஒருவர் சொன்னது, எது உங்கள் ஊகம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வரலாற்றுச் சூழல் பதிவேடு ஒன்று உண்டு; ஒரு பிரதியை அங்கே அனுப்பினால், நாளை அந்த நிலத்தில் வீடு கட்ட மனு வரும்போது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வேலிக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது விவசாயியின் சொத்து. அவருடைய மாடுகளும் உள்ளே இருக்க வேண்டும்.